சுவருக்குள் தட்டுவது யார்?

திருவனந்தபுரம் கரமனையின் பழைய அக்ரகாரத் தெருக்களில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர்தான். அதிகாலையில் ஒரு வீட்டில் மோட்டார் போட்டால் அடுத்த வீட்டுக்காரருக்கும் பொழுது விடிந்துவிடும். பேரூர்க்கடை, வட்டியூர்க்காவு பக்கம் தோட்டத்தோடு தனி வீடு கட்டியவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவர்களுக்கும் ராத்திரி குழாயை மூடியதும் சுவருக்குள் ‘டொம்’ என்று ஓர் அடி கேட்கும். மாடியில் ‘ம்ம்ம்’ என்று ஏதோ முனகும். கீசர் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் பொரியும்.

இதற்கெல்லாம் முதல் பழி மோட்டார் மீதுதான் விழுகிறது. புது மோட்டார் வந்த பிறகும் அதே சத்தம் கேட்கும்போதுதான் வீட்டுக்காரருக்கு விஷயம் புரிகிறது. பைப்பும் கான்கிரீட்டும் சத்தத்தை வெகுதூரம் கடத்துபவை. மொட்டைமாடியில் பிறந்த அதிர்வு படுக்கையறைச் சுவரில் வந்து கேட்கும். எனவே சத்தம் எங்கே கேட்கிறது என்பதைவிட எப்போது கேட்கிறது என்பதே நல்ல துப்பு. குழாயை மூடும்போதா, மோட்டார் ஓடும்போதா, நின்ற பிறகா, யாரும் எதையும் தொடாதபோதா? பாதி விடை அதிலேயே இருக்கிறது.

குழாயை மூடியவுடன் அடி விழுந்தால் அது நீர்மோதல். பைப்பில் ஓடிவரும் தண்ணீருக்கு எடையும் வேகமும் உண்டு. வழியைத் திடீரென்று அடைத்தால் அந்த வேகம் அழுத்தமாக மாறி, ஓர் அலையாகப் பைப்புக்குள் முன்னும் பின்னும் ஓடுகிறது. மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்கள் இப்படி உடைந்துகொண்டிருந்தபோது ரஷ்ய விஞ்ஞானி நிகோலாய் ஷுகோவ்ஸ்கி 1897, 1898இல் சோதனைகள் நடத்திக் கணக்கை வகுத்தார். இரும்புக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், 120 மீட்டர் உயரத் தொட்டிக்கு அடியில் இருக்கும் அளவுக்கு அழுத்தம் கூடுகிறது. நெகிழும் பி.வி.சி. பைப்பில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

சாதாரண வீட்டு டேங்கில் 5 மீட்டர் உயரத்துத் தண்ணீர் அரை பார் அழுத்தமே தரும். வேகம் குறைவு என்பதால் மோதலும் லேசானது. பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில்தான் சிக்கல் முற்றுகிறது. முன்பெல்லாம் குழாயை நாலைந்து சுற்றுச் சுற்றி மூடினோம். இப்போது கால் திருப்பில் மூடிவிடுகிறோம். வாஷிங் மெஷின் வால்வு அதையும்விட வேகம். மெஷின் தண்ணீர் எடுத்து நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் சுவர் அதிர்ந்தால் குற்றவாளி யார் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

செலவில்லாத வைத்தியம் முதலில்: பைப்பைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். கேட்கும் சத்தத்தில் பெரும்பகுதி, ஆடும் பைப் சுவரில் இடிப்பதுதான். அடுத்து பிரஷர் பம்பின் அழுத்த அளவைக் குறைக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் மெஷின் குழாய்க்குப் பக்கத்தில் மேல்நோக்கி மூடிய ஒரு பைப் துண்டு வைக்கலாம். அதிலுள்ள காற்று மெத்தைபோல அடியைத் தாங்கிக்கொள்ளும். காலப்போக்கில் அந்தக் காற்று தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால், அவ்வப்போது பைப்பை வடித்துக் காற்றை நிரப்ப வேண்டும். இதையே அடைத்து மூடிய கருவியாகவும் கடைகளில் விற்கிறார்கள். வீட்டில் தொல்லை தரும் இந்த மோதலையே உந்துசக்தியாக்கி, மின்சாரம் இல்லாமல் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றும் பம்ப் ஒன்றை 1796இல் வடிவமைத்தவர், வெப்பக் காற்று பலூனால் புகழ்பெற்ற ஜோசப் மோன்கோல்ஃபியே.

மோட்டார் நின்ற மறு நொடியில் ஒரே ஒரு ‘தட்’ கேட்டால் நான்-ரிட்டர்ன் வால்வைப் பாருங்கள். மோட்டார் ஓய்ந்ததும் மாடிவரை நிற்கும் தண்ணீர் கீழே திரும்புகிறது. அது வேகம் பிடித்த பிறகு வால்வின் கதவு அறைந்து சாத்தினால்தான் அந்தச் சத்தம். தண்ணீர் திரும்புவதற்கு முன்பே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு பொருத்தினால் போதும்.

மோட்டார் ஓடும்போதே, உள்ளே சரளைக்கல் உருள்வதுபோல் கேட்டால் கதை வேறு. கேரளத்தில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. கரையில் இருக்கும் மோட்டார் தண்ணீரை உறிஞ்சுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் வளிமண்டல அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அதன் எல்லை கணக்குப்படி 10.3 மீட்டர், நடைமுறையில் 6, 7 மீட்டரே. மார்ச், ஏப்ரலில் கிணற்றில் நீர் இறங்கும்போது அந்த எல்லை தாண்டிவிடுகிறது. அழுத்தம் மிகக் குறைந்த இடத்தில் தண்ணீர் சூடில்லாமலே கொதித்துக் குமிழி விடும். அந்தக் குமிழிகள் பம்பின் சுழல்தகட்டில் மோதி உடைந்து உலோகத்தையே அரித்துவிடும்.

மாடிக்குப் போகும் வால்வைக் கொஞ்சம் மூடிப்பாருங்கள். சத்தம் குறைந்தால் இந்த நோய்தான். முதலில் உறிஞ்சு பைப்பின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வின் சல்லடையில் சகதி அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். தீராவிட்டால் மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே ஒரு மேடைக்கு இறக்கலாம், அல்லது நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறலாம். டேங்கில் விழும் தண்ணீரில் காற்றுக்குமிழி கலந்து வந்தால், உறிஞ்சு பைப்பின் இணைப்பு எங்கோ காற்றை உள்ளே விடுகிறது என்று பொருள்.

சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சுற்றாமல் உறுமினால் உடனே நிறுத்திவிடுங்கள். கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கும், அல்லது சுழல்தகடு சிக்கியிருக்கும். அப்படியே விட்டால் காயில் கருகிவிடும். ஓட ஓடக் கீச்சென்று ஏறும் சத்தம் பேரிங் தேய்ந்ததன் அறிகுறி.

ராத்திரியில் மட்டும் கேட்கும் முனகலுக்குக் காரணம் பெரும்பாலும் டேங்கின் மிதவை வால்வு. ஊர் உறங்கியதும் நகரக் குழாயில் அழுத்தம் கூடுகிறது. நிறையும் தறுவாயில் இருக்கும் டேங்கில் சிற்றலை மிதவையை ஆட்ட, பாதி மூடிய வால்வு துடிக்கிறது. தண்ணீர் விழும் வாயில் ஒரு துண்டுப் பைப்பை மாட்டி அலையை அடக்கினாலோ, தேய்ந்த வாஷரை மாற்றினாலோ முனகல் நின்றுவிடும்.

நகரத் தண்ணீருக்கென்றே ஒரு சத்தமும் உண்டு. கரமனையாற்றின் குறுக்கே அருவிக்கரையில் தேக்கிய நீரை ஊருக்குக் கொண்டுவரும் வில்லிங்டன் குடிநீர்த் திட்டம் 1933இல் தொடங்கியது. 1984 முதல் இது கேரள நீர் ஆணையத்தின் பொறுப்பு. மேடும் பள்ளமுமான நகரம் இது. பராமரிப்புக்காக விநியோகத்தை நிறுத்தினால் குழாய்களில் காற்று புகுந்து மேட்டுப் பகுதிகளில் தங்கிவிடும். தண்ணீர் திரும்பும்போது குழாய் இருமிச் சீறுவது அதனால்தான். அப்போது குழாயை மெல்லத் திறந்து காற்றை வெளியேற்றுவது நல்லது. சொந்த டேங்கிலிருந்து இறங்கும் பைப்பே களகளத்தால், டேங்கை விட உயரமாக நிற்க வேண்டிய காற்றுக்குழாய் இருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கீசர் பொரிவது உப்புப்படிவத்தின் வேலை. சூடேற்றும் கம்பியில் சுண்ணாம்பு படிந்தால் அதன் அடியில் சிக்கிய நீர் கொதித்து வெடிக்கிறது. கடினமான போர் தண்ணீர் உள்ள தமிழ்நாட்டு ஊர்களில் இது சகஜம். செம்பாறை மண் கொண்ட கேரளத்துக் கிணறுகளில் நீர் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. அங்கே படிவத்தைவிட இரும்பு பைப்பின் துருதான் பெரிய எதிரி. உதிரும் துரு வால்வில் சிக்கிச் சத்தம் தரும். லண்டனில் குடியேறிய தமிழர்களின் வீட்டு பாய்லரிலும் இதே சுண்ணாம்புப் பொரிச்சல் கேட்கும். அங்கே சுவரோரச் சூடேற்றியின் மேற்பகுதி மட்டும் குளிர்ந்து களகளத்தால், உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. சிறு சாவியால் அதன் மேல் திருகைத் திறந்து காற்றை விடுகிறார்கள்.

வெந்நீர் திறந்த சிறிது நேரத்தில் ‘டிக், டிக்’ என்று கேட்பது பைப் நீள்வது. 10 மீட்டர் சி.பி.வி.சி. பைப் 40 டிகிரி சூடேறினால் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளும். கிளாம்ப் இறுக்கிப் பிடித்தால் அது உரசி உரசித்தான் நகர முடியும். எனவே வெந்நீர்ப் பைப்புக்கு வழுக்கி நகர இடம் தரும் கிளாம்ப் தேவை. தண்ணீர்ப் பைப்பில் தளர்ந்த கிளாம்ப் குற்றவாளி என்றால், வெந்நீர்ப் பைப்பில் இறுகிய கிளாம்ப் குற்றவாளி.

சந்தேகம் தீர மெக்கானிக்குகளின் பழைய வழி ஒன்று உண்டு. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பைப்பிலும் வால்விலும் மாறி மாறி வைத்து, கைப்பிடியைக் காதருகே பிடித்துக் கேளுங்கள். சத்தம் உரக்கக் கேட்கும் இடமே அதன் பிறப்பிடம். சுழலும் பாகத்துக்கும் மின்கம்பிக்கும் அருகே இதைச் செய்யக் கூடாது. பிறப்பிடம் பம்ப் என்று தெரிந்தால், மொட்டைமாடியில் நேரே தளத்தில் பதித்த அதைத் தூக்கி, தடித்த ரப்பர் பட்டையின் மேல் வைத்து, வளையும் குழாயால் இணைத்தாலே வீடு பாதி அமைதியாகிவிடும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என வரம்பு வைத்திருக்கின்றன. பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டிருப்பவர்கள் மோட்டார் போடும் நேரத்தை முன்மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். பிளம்பர் வருவதற்குள் சத்தம் கேட்ட நேரங்களையும் அப்போது திறந்திருந்த குழாய்களையும் ஒரு தாளில் குறித்து வைத்தால், அவர் உளியை எடுப்பதற்கு முன் அந்தத் தாளைப் பார்ப்பார்.