தும்பறை மலைக் கல்வழி

தமிழிலே ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு நீர் ஓடும் வழி என்பது ஒரு பொருள். மக்கள் செல்லும் வழி என்பது மற்றொரு பொருள். ஆற்றுப்படை நூல்களைப் படிப்பிக்கும் போதெல்லாம் இதனை மாணவருக்கு எடுத்துச் சொல்லி வந்திருக்கின்றேன். ஆயினும், இரு பொருளும் ஓரிடத்தில் ஒன்றாகி நிற்பதைக் கண்ணாரக் கண்டது 2024 ஆம் ஆண்டு மாசி மாதத்திலேதான். தும்பறை மலைத்தொடரைக் கடந்து மீமுரே என்னும் சிற்றூருக்கு இறங்கும் கற்பாதையிலே கண்டேன். நடந்து சென்று கண்டேனல்லேன். துவிச்சக்கரவண்டியிலே சென்று கண்டேன்.

என்னிடம் ஒருகாலத்தில் நன்னூல் பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது கண்டியிலே பொறியியலாளராக இருக்கின்றார். விடுமுறை நாளானால் மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டுவதே அவருக்குப் பொழுதுபோக்கு. “ஐயா, முப்பது வருடம் கல்லூரிக்குச் சைக்கிளிலே போய் வந்த கால் உங்களுடையது. ஒரு முறை வந்து பாருங்கள்” என்று அழைத்தார். அழைப்பிலே சிறிது புகழ்ச்சியும் கலந்திருந்தது. புகழ்ச்சிக்கு மயங்காத பண்டிதன் யார்? சென்றேன்.

அவர் எனக்குத் தந்தது ‘கிறவல் சைக்கிள்’ எனப்படும் வகையினது. கைப்பிடி பந்தய வண்டியினது போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். டயரோ அதனினும் அகன்றது. தார் வீதிப் பந்தயத்துக்கு 25 முதல் 28 மில்லிமீற்றர் அகலம் போதுமானால், இதற்கு 40 மில்லிமீற்றர் அளவில் வேண்டும். அகன்ற டயரிலே காற்றைக் குறைத்து அடைத்தால், அது கல்லை மோதித் துள்ளாமல், கல்லின் வடிவுக்கு இசைந்து அமுங்கி உருளும். செங்குத்தான ஏற்றத்துக்கென்று மிகத் தாழ்ந்த கியர்களும் உண்டு. 2022 ஆம் ஆண்டில் இவ்வகை ஓட்டத்துக்கென முதலாவது உலகப் போட்டியை இத்தாலியில் நடத்தினார்களாம். என் பழைய ‘றலி’ வண்டி இதனைக் கேட்டால் சிரிக்கும். அது முப்பது வருடமாகக் கிறவல் வீதியிலேதான் ஓடிற்று. அதற்கு ஒருவரும் பட்டம் சூட்டவில்லை.

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியை ஹுன்னஸ்கிரியவில் விட்டு, இடப்புறம் திரும்பி, லூல்வத்தை வழியாக ஏறினோம். மடக்கிய கையின் விரல்மூட்டுகள் போலத் தோன்றியமையால் ஆங்கிலேய நில அளவையாளர் இம்மலைக்கு ‘நக்கிள்ஸ்’ என்று பெயரிட்டனர். உயர்ந்த சிகரம் 1,900 மீற்றருக்குச் சற்று மேற்பட்டது. இக்காடு 2000 ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் ஹோட்டன் சமவெளியோடும் சிவனொளிபாதமலை வனத்தோடும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

பட்டியலில் ஏறுமுன் இக்காடு பட்டபாடு சிறிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்காக மலைச்சாரல்கள் வெட்டி எரிக்கப்பட்டன. அவ்வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் நடுவழியிலே மடிந்தவர்களும் பலர். மத்திய மலைநாட்டின் தோட்டப் பாதைகளிலே அவர்களின் மண்வெட்டி படாதது அருமை. அவர்களை ஆற்றுப்படுத்த ஒரு புலவரும் இருந்திலர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலை வந்தது. உயர்ந்த காட்டினுள்ளே, பெருமரங்களை நிழலுக்கு விட்டு, கீழ்ச்செடிகளை அகற்றி ஏலம் நட்டார்கள். தூரத்தே நின்று பார்ப்பவனுக்கு அது காடாகவே தோன்றும். கிட்டச் சென்றாலன்றி, மரங்களுக்குக் கன்றுகள் இல்லை என்பது தெரியாது.

கிட்டச் செல்வதற்கு இவ்வண்டி நல்ல துணை. மோட்டார் வண்டியில் இருப்பவனுக்குத் தன் எஞ்சினின் ஓசையொன்றே கேட்கும். மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார் மலையிலே எழும் பல்வேறு ஓசைகளை அடுக்கிச் சொல்கின்றார். வழுக்கும் பாறையும் பன்றிக்கு வைத்த பொறியும் உண்டு, பார்த்துப் போங்கள் என்று கூத்தருக்கு எச்சரிக்கையும் செய்கின்றார். வகுப்பிலே அப்பகுதியை விரைவாகக் கடந்து விடுவது என் வழக்கம். இந்த ஏற்றத்திலே மூச்சு வாங்க நிற்கும்போதுதான், காது திறந்திருப்பவன் பாடிய பாட்டு அது என்று விளங்கிற்று. அருவி, காற்று, எங்கோ ஒரு குரங்கின் அதட்டல், மூங்கில் உராயும் ஒலி. மரத்தண்டொன்றில் மூக்கின் நுனியில் இலையை ஒட்டிவைத்தாற் போன்ற ஓணான் ஒன்றைக் கண்டோம். உலகிலே இம்மலைத்தொடரன்றி வேறெங்கும் அவ்வினம் இல்லை என்றார் மாணவர். நின்றபடியால் கண்டோம். நின்றபடியால் அட்டைகளும் எம்மைக் கண்டுகொண்டன.

பாதையை விட்டுக் காட்டினுள் இறங்கும் ஒற்றையடிப் பாதைகள் பல. ஓட்டிப் பார்க்க ஆசை எழாமலில்லை. மாணவர் தடுத்துவிட்டார். ஈரச் சரிவிலே சக்கரம் ஒரு கோடு கீறினால், அடுத்த மழைநீர் அக்கோட்டையே வாய்க்காலாக்கிக் கொள்ளும், மண் அரிபடும், வேர்கள் வெளிப்படும். ஆகவே வண்டிகளுக்கென்று உள்ள பாதையிலேயே சென்றோம்.

ஏறிக்கொண்டே அவர் இன்னொன்றும் சொன்னார். இத்தாலியின் தொஸ்கானா மாநிலத்திலே வெண்ணிறக் கிறவல் வீதிகள் உண்டு. அவற்றுக்குத் தார் இட்டுவிடாமல் காப்பாற்றும் நோக்கத்தோடு 1997 இல் தொடங்கிய பழைய சைக்கிள் ஓட்டம் ஒன்று இன்று பெருவிழாவாக நடக்கின்றது. “இந்தப் பாதையையும் இப்படியே விட்டுவிட வேண்டும், ஐயா. தார் போட்டால் வாகனங்கள் வந்து குவியும்; காடு கெட்டுவிடும்” என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

கோர்பட் கணவாயிலே காற்று எம்மை வண்டியோடு தள்ளிற்று. எதிரே லக்கேகல மலை கூர்ங்கொம்பு போல நின்றது. இராவணனின் விமானம் அதன் உச்சியிலிருந்தே எழுந்தது என்பது ஊரார் வழக்கு. அங்கிருந்து இறக்கம். இடையிடையே கொங்கிறீற்று இட்ட துண்டுகள். ஏனைய இடமெல்லாம் கல்லும் மண்ணும். பாதி இறங்குமுன் மழை பிடித்துக்கொண்டது. சிறிது நேரத்தில் பாதையின் இரு தடங்களிலும் செந்நீர் ஓடத் தொடங்கியது. வழியாகிய ஆறு நீராகிய ஆறாயிற்று. இலக்கணம் கைகூடிய மகிழ்ச்சியிலே வழுக்கி விழுந்தேன்.

ஒதுங்கியது ஒரு சிங்கள விவசாயியின் திண்ணையில். எழுபது வயதிருக்கும். இஞ்சித் தேநீரும் கித்துள் கருப்பட்டியும் தந்தார். “மாத்தயாமார் இந்த வழியிலே என்ன வேலையாக வந்தீர்கள்?” என்று கேட்டார்.

“வேலை ஒன்றுமில்லை. பாதை கரடுமுரடாக இருக்கும் என்று கேள்விப்பட்டு ஓட்டிப் பார்க்க வந்தோம்” என்றார் மாணவர்.

கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். பின்பு சொன்னார்: “என் மகளைப் பிரசவத்துக்கு இதே வழியிலேதான் ஜீப்பில் கொண்டு போனோம். இதே போல மழை. கணவாய் ஏறுமுன்னே ஜீப்புக்குள்ளேயே பிள்ளை பிறந்துவிட்டது. கிழவி ஒருத்தி கூட வந்திருந்தபடியால் தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.”

“பிள்ளை?” என்றேன்.

அவர் முற்றத்தைக் காட்டினார். ஆறேழு வயதுப் பையன் ஒருவன் மழையில் நனைந்தபடி, எங்கள் வண்டியின் கியர்ச் சில்லுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

எமக்கு இன்பமாகிய கற்கள் அவர்களுக்கு என்னவாக இருந்தன என்பதை அந்தத் திண்ணையிலே இருந்து எண்ணினேன். காட்டைக் காப்பதற்குக் காவற் சாவடியும் சட்டமும் இருக்கின்றன. வருகின்ற வாகனங்களுக்கு எல்லை வகுக்கலாம். பிரசவ வேதனைப்படும் பெண்ணைக் காட்டுக்கு வேலியாக நிறுத்துவது எந்த அறநூலிலும் இல்லை. தொஸ்கானாவைப் பற்றி மாணவர் அதன்பின் வாய் திறக்கவில்லை.

மழை விட்டது. பையனைச் சட்டத்தின்மேல் இருத்தி, முற்றத்தில் நாலைந்து முறை உருட்டினோம். இறங்க மறுத்தான். மாலையில் மீண்டும் கணவாய்க்கு ஏறினோம். ஏறினோம் என்பது மரியாதைக்கு. பெரும்பகுதியும் வண்டியைத் தள்ளியே நடந்தோம். வழியில் எதிர்ப்பட்ட ஜீப்புக்கு ஒதுங்கி நின்றபோது, உள்ளே மிளகு மூடைகளுக்கு நடுவே ஒரு மூதாட்டி, கையில் மருந்துப் பையோடு, ஒவ்வொரு குழிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தாள்.