அடங்கிய பின்னும் தொடரும் மருந்து

உண்டு முடிக்க நெடுநேரம் கொள்பவர், கவளந்தோறும் நீர் பருகுபவர், இறைச்சியை இழையிழையாகப் பிய்த்து மெல்பவர் ஆகியோருள் சிலர் நிதானக்காரர் அல்லர், நோயாளர். விழுங்கும் இடர்ப்பாட்டோடு ஆண்டுக்கணக்கில் பழகிவிட்டதால், தமக்கு நோயுண்டு என்பதையே உணராதவர். இறைச்சித் துண்டொன்று மேலும் வராமல் கீழும் இறங்காமல் நெஞ்சில் சிக்கிய பின்னரே இவர்களுட் பலர் மருத்துவமனையை நாடுகின்றனர்.

உணவுக்குழாயில் தோன்றும் இந்த ஒவ்வாமை அழற்சி, 1993-இல் அட்வுட் குழுவினரும் 1994-இல் சுவிட்சர்லாந்தின் ஸ்ட்ராவ்மன் குழுவினரும் எழுதிய பிறகே தனி நோயாக நிலைபெற்றது. அதுவரை பெரும்பாலும் அமில எதுக்களிப்பின் கணக்கிலேயே சேர்ந்திருந்தது. நலமான உணவுக்குழாயின் மேற்படலத்தில் இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் இரா. இந்நோயிலோ, நுண்ணோக்கியின் உயர் உருப்பெருக்கக் காட்சிப்புலம் ஒன்றிலேயே 15 அல்லது அதற்கு மேல் காணப்படும். பால், கோதுமை போன்ற உணவுகள் தூண்ட, இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 ஆகிய செய்திப்புரதங்கள் பெருகி, படலத்தின் காப்பைத் தளர்த்தி, அவ்வணுக்களை அங்கே வரவழைக்கின்றன. அழற்சி நீடித்தால் அடியில் நார்த்திசு படிந்து குழாய் குறுகும். சுவிட்சர்லாந்தில் 200 நோயாளரை ஆய்ந்தபோது, நோய் தொடங்கி 2 ஆண்டுக்குள் கண்டறியப்பட்டோருள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினருக்கே குறுக்கம் இருந்தது. 20 ஆண்டு கடந்தோருள் அது ஏறத்தாழ 71 விழுக்காடு. நெடுநாள் மருத்துவத்தின் தேவையை இதனினும் தெளிவாகச் சொல்லும் சான்றை நான் அறியேன்.

மருந்துகளுள் முதன்மையானது புடசோனைடு என்னும் ஸ்டீராய்டு. ஆஸ்துமாவுக்கு மூச்சோடு இழுக்கும் மருந்தே இங்கு விழுங்கப்படுகிறது. நாவிற் கரையும் மாத்திரையாக ஐரோப்பா இதனை 2018-இல் ஏற்றது. உமிழ்நீரோடு இறங்கி உட்சுவரில் படிவதே இதன் வேலை. குடலிலிருந்து உறிஞ்சப்படுவதில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதற்சுற்றிலேயே சிதைத்துவிடுவதால் பிற உறுப்புகளுக்குத் தீங்கு குறைவு. வாயிலும் உணவுக்குழாயிலும் கேண்டிடாப் பூஞ்சை தோன்றுவதே அடிக்கடி காணும் இடையூறு; அது பெரும்பாலும் எளிதில் தீர்வது.

ஓர் ஆய்வில், அழற்சி அடங்கிய 204 பெரியவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து 48 வாரம் கண்காணித்தனர். நாள்தோறும் இருமுறை புடசோனைடு மாத்திரை 0.5 மி.கி. கொண்டோருள் 73.5 விழுக்காட்டினரும், 1 மி.கி. கொண்டோருள் 75 விழுக்காட்டினரும் நோய் தணிந்த நிலையிலேயே நீடித்தனர். மருந்தில்லா மாத்திரை பெற்றோருள் அவ்வாறு நீடித்தவர் 4.4 விழுக்காட்டினரே. மருந்து நோயை அடக்குகிறது, வேரறுப்பதில்லை. பாதியளவும் ஏறக்குறைய அதே பயனைத் தந்தமை நெடுநாள் உண்பவருக்கு ஆறுதல்.

ஒமெப்பிரசோல் போன்ற அமிலத்தடை மருந்துகளும் கணிசமானோருக்குப் பயன்படுகின்றன. விலை குறைவு, பழக்கமும் மிகுதி. ஆதலால் பல மருத்துவர் இவற்றிலிருந்தே தொடங்குகின்றனர்.

வியப்பூட்டியது, பென்ராலிசுமாப் என்னும் ஊசிமருந்தைப் பற்றி 2024-இல் வெளியான ஆய்வு. அம்மருந்து இயோசினோஃபில்களைத் திசுவிலிருந்து ஏறக்குறைய துடைத்தெடுத்தது. விழுங்கும் துன்பமோ மருந்தில்லா ஊசி பெற்றோரினும் குறையவில்லை. கூட்டமாய்க் காணப்படும் அணுவே முழுக் குற்றவாளி என்ற எண்ணம் அத்தோடு ஆட்டங்கண்டது. இன்டர்லூக்கின்-4, 13 இரண்டின் செயலையும் மறிக்கும் டுபிலுமாப் ஊசியோ அணுக்களையும் குறைத்தது, விழுங்குதலையும் எளிதாக்கியது. இந்நோய்க்கென அமெரிக்கா 2022-இல் ஏற்ற இது வாரம் 300 மி.கி. போடப்படுவது. விலை மிகுதி என்பதால், பிற மருந்துகள் பயன்தராதோருக்கும், உடன் ஆஸ்துமா முதலிய ஒவ்வாமைகள் உள்ளோருக்குமே இதனை முதலில் எண்ணுவது தகும்.

புடசோனைடின் நீர்ம வடிவை அமெரிக்கா 2024-இல் ஏற்றது, 12 வாரத்திற்கு மட்டும். நிறுத்தினால் மீளும் நோய்க்கு அவ்வெல்லை போதாது என்றே கருதுகிறேன். எனினும் நெடுங்காலம் மருந்து தருவோர் நோயாளரின் சொல்லை மட்டும் கொண்டு அளவைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. மெல்ல மென்று பழகியவர், படலம் சிவந்திருக்கும்போதும் நலம் என்பார். படலம் தெளிந்த பின்னும் பழைய குறுக்கத்தால் சிலருக்கு உணவு தங்கும். முன்னவருக்கு மருந்து மாறவேண்டும். பின்னவருக்கு உள்நோக்கி வழியே குறுக்கத்தை விரிக்கவேண்டும். இருவரையும் பிரித்தறியத் திசுத்துணுக்கை மீண்டும் எடுத்துப் பார்ப்பதே வழி.