கறிவேப்பிலைக் கன்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை

போன வருஷம் ஒரு நாள் காலை, கலிஃபோர்னியா வேளாண்மைத் துறை ஊழியர்கள் இரண்டு பேர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கொல்லையில் இருக்கும் எலுமிச்சை மரத்தில் சில இலைகள் பறிக்க வேண்டுமாம். "எதுக்குங்க வம்பு? அப்புறம் வரச் சொல்லுங்க" என்றாள் மனைவி. எனக்கும் பயம்தான். எலுமிச்சைக்குப் பக்கத்திலேயே பத்து வருஷமாக வளர்த்த கறிவேப்பிலை நிற்கிறதே! அதை வெட்டச் சொல்லிவிட்டால்?

ஆனாலும் கேட்டைத் திறந்துவிட்டேன்.

மரத்தின் நாலு பக்கத்திலும் இலைகளைக் காம்போடு பறித்தார்கள். ஜிப் பையில் போட்டு, எண் எழுதி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்கள். அடுத்த மரத்துக்குப் போகுமுன் கத்தரியைக் கிருமிநாசினியால் துடைத்தார்கள்.

காம்பு எதற்கு? 'ஹுவாங்லாங்பிங்' என்ற நோயின் பாக்டீரியா, மரத்தில் உணவு ஓடும் குழாய்களில்தான் குடியிருக்கிறது. காம்பிலும் நடு நரம்பிலும் அந்தக் குழாய்கள் அதிகம். அதிலிருந்து டி.என்.ஏ. பிரித்து பி.சி.ஆர். சோதனை செய்கிறார்கள். கிருமி மரம் முழுக்க ஒரே அளவில் பரவியிருக்காது. அதனால்தான் நாலு பக்கமும் பறிக்கிறார்கள்.

இலை மஞ்சளானாலே இந்த நோய் என்று பதற வேண்டாம். துத்தநாகச் சத்து குறைந்தால் நடு நரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளாகும். இந்த நோயிலோ ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் திட்டுத் திட்டாக இருக்கும். அதுவும் நோய் தொற்றி மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் கழித்துத்தான் வெளியே தெரியும். நோய்க்கு மருந்து கிடையாது. வந்த மரத்தை அகற்றுவதுதான் வழி.

ஃபுளோரிடாவில் 2005-ல் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1997-98-ல் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலம் அது. நோயும் புயல்களும் சேர்ந்து தாக்கியதில், 2022-23-ல் 2 கோடிப் பெட்டிகூடத் தேறவில்லை. கலிஃபோர்னியாவில் 2012-ல் முதன்முதலாக நோய் கண்ட மரம் பெரிய தோட்டத்தில் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், ஹசியெண்டா ஹைட்ஸில், ஒரு வீட்டுக் கொல்லையில்தான் இருந்தது.

இதில் நமக்கு என்ன பங்கு? நோயைப் பரப்பும் 'சிட்ரஸ் சில்லிட்' என்ற பூச்சி எள்ளளவுதான் இருக்கும். எலுமிச்சைத் துளிரில் மட்டுமல்ல, அதே குடும்பத்தைச் சேர்ந்த கறிவேப்பிலைத் துளிரிலும் முட்டையிடும். அதனால்தான் தடை எல்லைக்குள் இருக்கும் கறிவேப்பிலைக் கன்றை வெளியே கொண்டுபோகக் கூடாது. ஊரிலிருந்து பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் மறைத்து எடுத்து வருவதும் இங்கே தப்புதான்.

நம்ம ஆட்களுக்குக் கறிவேப்பிலை வெறும் செடி இல்லை, எனக்குத் தெரியாதா? புது வீடு புகுபவர்களுக்கு நானே எத்தனையோ கன்று கொடுத்திருக்கிறேன். அவை எந்தெந்த ஊருக்குப் போயின என்று இன்றுவரை கணக்கு இல்லை. அதை நினைத்தால்தான் உறுத்துகிறது.

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையை யாரும் வெட்டச் சொல்லவில்லை. எலுமிச்சையில் நோய் இருந்தால் கூப்பிடுவோம் என்றார்கள்; கூப்பிடவில்லை. ஆனால் இது இந்த வருஷத்துப் பதில்தான். மறுபடி வந்தால் மறுபடியும் திறந்துவிடுவேன்.

போன மாதம் சான் ஹோசேயிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். "அண்ணா, வர்றப்ப ஒரு கன்னு எடுத்து வைங்க." "கன்னு வேண்டாம்பா. அங்கேயே உரிமம் உள்ள நர்சரியில் வாங்கிக்கோ" என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பரவாயில்லை.