எண்ணிப் பார்த்தால்தான் அபூர்வம்

சிலாபத்தில் கரைவலை கரையேறும் நேரம் காகமும் நாயும் மட்டும் கூடுவதில்லை. சோளகக் காற்று அடங்கிக் கடல் படிந்த பிறகு, ஐப்பசி கார்த்திகையில் கடற்காகங்களும் பங்கு கேட்டு வந்துவிடும். பெரும்பாலானவை திபெத்து, மத்திய ஆசிய உயர்நில ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் பழுப்புத்தலைக் கடற்காகங்கள். இறைந்த சாளைக்காக அடித்துக்கொள்ளும் அந்தக் கூட்டத்தில், கழுத்து கொஞ்சம் நீண்டு, நெற்றி சரிந்து, அலகு மெலிந்த ஒன்று நின்றால் வலை இழுப்பவர்கள் அதைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். நூறடி தள்ளித் தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தியிருப்பவருக்கோ அன்றைய பொழுது விடிந்ததே அதற்காகத்தான். மெல்லிய அலகுடைய அந்தக் கடற்காகம் இலங்கைக்கு எப்போதாவது வரும் விருந்தாளி.

இப்படி முக்காலி தூக்கித் திரிபவர்கள் புத்தளம் மாவட்டக் கரையில் இப்போது புதினமில்லை. சனி ஞாயிறில் கொழும்பிலிருந்து வருபவர்கள் ஒரு பக்கம். பள்ளிக்கூட ஆசிரியர், வனசீவராசிகள் திணைக்கள ஊழியர், விருந்தினர் விடுதியில் வேலை பார்க்கும் இளைஞர் என்று உள்ளூர்க்காரர்கள் இன்னொரு பக்கம். முன்பெல்லாம் கையில் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கும். இப்போது நீண்டு குறுகும் கண்ணாடியுள்ள கமரா இருக்கிறது. பார்த்ததை அன்றிரவே ‘ஈபேர்ட்’ தளத்தில் ஏற்றிவிடலாம்.

இடமும் அதற்கேற்ற இடம்தான். ஆர்ட்டிக் முதல் இந்து சமுத்திரம் வரை 30 நாடுகளைத் தொட்டுச் செல்லும் மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென் நுனி இலங்கை. அதற்குத் தெற்கே பனிக்கண்டம்வரை தண்ணீர்தான். இந்தியக் கரையோரமாக இறங்கி வரும் பறவைகளுக்கு மன்னாரும் புத்தளமும் வாசற்படி. புத்தளம் களப்பு மட்டுமே ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர். அதன் மேற்கே கற்பிட்டித் தீபகற்பம், கரையோரமாகப் பாலாவிப் பக்கத்து உப்பளங்கள், தெற்கே முந்தல் களப்பு, உடப்புக் கடற்கரை, ஆனைவிழுந்தான் குளங்கள், பிறகு சிலாபத்து மணல்திட்டுகள். வற்றுப்பெருக்கு இங்கே ஒரு மீற்றருக்கும் குறைவு. ஐரோப்பியக் கரைகளில்போல மணிக்கணக்குப் பார்த்துச் சேறு வெளிப்படுவதில்லை. மழை பெய்தால் மூழ்கும், வெயில் காய்ந்தால் விரியும், காற்று தள்ளினால் ஒரு பக்கம் ஒதுங்கும். ஆகவே நேற்று உள்ளான் நிறைந்திருந்த திட்டு இன்று வெறுமையாகக் கிடப்பது இங்கே வழமை. புதிதாக வருபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

எந்தப் பறவை அபூர்வம் என்பதை யார் முடிவு செய்வது? ஒரு காலத்தில் துப்பாக்கி முடிவு செய்தது. சிலாபத்துறை, அரிப்புப் பக்கம் முத்துச்சிப்பி ஆராய வந்த ஹோல்ட்ஸ்வர்த் என்ற இயற்கையியலாளர் அப்படியே பறவைகளையும் கவனித்து, 1872இல் இலங்கைப் பறவைகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். பீரங்கிப் படை அதிகாரி வின்சென்ட் லெக் 1878க்கும் 1880க்கும் இடையில் தன் பெரிய நூலைக் கொண்டுவந்தார். சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து வைத்தால்தான் அந்தக் காலத்தில் சான்று. இன்று 1943இல் தொடங்கிய சிலோன் பறவைக் கழகமும், 1976இல் தொடங்கிக் கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறையோடு இயங்கும் கள பறவையியல் குழுவும் பதிவுகளைச் சேர்க்கின்றன. படம் கேட்பார்கள். படம் இல்லையென்றால் கால் என்ன நிறம், பறக்கும்போது சிறகில் வெள்ளைக் கோடு எதுவரை வந்தது, என்ன குரல் எழுப்பியது என்று துருவுவார்கள். ஒருவர் மட்டும் பார்த்த பறவை நெடுநாள் சந்தேகத்தின் பெயரால் ஓரத்தில் நிற்கும். சில வேளை இது கொடுமையாகவே தோன்றும். ஆனால் பொய்யான ஒரு பதிவு பட்டியலில் ஏறிவிட்டால் அதை இறக்குவது அதைவிடக் கடினம்.

இந்தக் கெடுபிடிக்கு நல்ல காரணம் கடற்காகங்களே. பெரிய இனங்கள் முழு வளர்ச்சி பெற நான்கு ஆண்டு எடுக்கும். ஒவ்வோர் ஆண்டும் உடை வேறு. முதல் குளிர்காலத்தில் எல்லாமே புள்ளி விழுந்த பழுப்பு. வடமேற்குக் கரைக்கு வரும் ஹியூக்ளின் கடற்காகத்தையும் அதன் நெருங்கிய உறவான புல்வெளிக் கடற்காகத்தையும் பிரித்தறிவதில் அனுபவசாலிகளே முட்டிக்கொள்கிறார்கள். ஆனால் அவை எங்கிருந்து வருகின்றன என்பது இப்போது ஊகமில்லை. கொழும்புப் பல்கலைக்கழகப் பறவையியலாளர் சம்பத் செனவிரத்னவின் குழு, சீன விஞ்ஞானிகளுடன் சேர்ந்து மன்னாரில் பிடித்த இரண்டு ஹியூக்ளின் கடற்காகங்களின் முதுகில் செய்மதியோடு பேசும் சிறு கருவிகளைப் பொருத்தியது. ஒன்றுக்கு மேகா, மற்றதற்கு மெனிகா என்று பெயர். 2021இன் இளவேனிலில் அவை இந்தியாவைக் கடந்து, மத்திய ஆசியா வழியாக ரஷ்யாவின் ஆர்ட்டிக் பகுதிவரை போய்ச் சேர்ந்தன. ஒரு வழிப் பயணமே 7,000 கிலோமீற்றருக்கு மேல். கரைவலையில் சாளை திருடுகிற பறவைதான் ஆனி மாதத்தில் சூரியன் மறையாத தூந்திர நிலத்தில் அடைகாக்கிறது.

கடற்கரையில் நின்று பார்க்கக் கிடைப்பவற்றில் பலரும் தேடி வருவது நண்டுண்ணி. கறுப்பு வெள்ளை உடலும் சுத்தியல் போன்ற தடித்த கறுப்பு அலகும் கொண்ட பறவை அது. உலகில் தனக்கென ஒரு குடும்பத்தில் தான் ஒன்றாகவே இருக்கிறது. அரபிக்கடல், பாரசீக வளைகுடாத் தீவுகளில் மணலுக்குள் வளை தோண்டி ஒரேயொரு வெள்ளை முட்டை இடும். வெயில் சூடே முட்டைக்குப் பாதி அடை. கற்பிட்டிப் பக்கத்து மணல்திட்டுகளில் இது சிறு கூட்டமாக நிற்பதைக் குளிர்காலத்தில் காணலாம். மன்னாரில் இன்னும் அதிகம். அதே கரையில் கருஞ்சாம்பல் நிற மேலைக் கரைக்கொக்கு இரை தேடும். கொழும்புக்காரருக்கு அது பெரிய விடயம், கற்பிட்டிக்காரருக்கு ஒரு கொக்கு. கண்டல்குழி, ஆலங்குடாப் பக்கம் வேலியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானும், பற்றைக்குள் கத்தும் கவுதாரியும் அப்படியே. இலங்கையின் ஈரவலயத்தில் தேடினாலும் கிடைக்காத இவை இந்த வறண்ட கரையில் வீட்டுக்கோழி போலத் திரிகின்றன.

அப்படியானால் அபூர்வம் என்பது பாதி பறவையின் குணம், பாதி பார்ப்பவர் இருக்கும் இடம். இதற்கு வலுவான சான்று கடலுக்குள்ளேயே இருக்கிறது.

கரும்பழுப்பு முதுகும் கண்ணுக்கு மேல் வெண்புருவமும் கொண்ட ஆலா ஒன்று உண்டு. ஆங்கில நூல்களில் பிரைடில்ட் டேர்ன். நடுக்கடலில் வாழும், கரைக்கு அவ்வளவாக வராது. ரெக்ஸ் டி சில்வா என்ற இலங்கைக் கடற்பறவை ஆய்வாளர் கொழும்புக் கரையில் இருந்தபடி கடலையே கவனித்தார். தென்மேற்குப் பருவத்தின் பிற்பகுதியில் இந்த ஆலாக்கள் பெருந்திரளாகத் தெற்கு நோக்கிப் போவதைக் குறித்து வைத்து, 1987இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். பறவைகள் அதற்கு முன்பும் அந்த வழியாகத்தான் போயிருக்கும். கொந்தளிக்கும் ஆவணிக் கடலைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார ஆள்தான் இல்லை. மேற்குக் கரையில் நிற்கும் எவருக்கும், கற்பிட்டியில் நிற்பவருக்கும், இன்று ஆவணி புரட்டாதி என்றால் கண் தானாகக் கடல்விளிம்புக்குப் போகிறது. காற்று பலமாக அடிக்கும் நாளில் புயல்பறவைகளும் கொள்ளைக்காரப் பறவையான ஸ்குவாவும் கரையோரமாக ஒதுங்கக்கூடும். கார்த்திகைக்குப் பிறகு கடல் அமைதியானதும் டொல்பின், திமிங்கிலம் பார்க்கப் புறப்படும் படகுகளில் பறவை பார்ப்பவர்களும் தொற்றிக்கொள்வது, கற்பிட்டிக்கு வந்த புதிய வசதி.

பார்ப்பவர் இல்லாத காலமும் இந்தக் கரைக்கு இருந்தது. வில்பத்து தேசிய பூங்கா போரின் காரணமாக 1988 முடிவில் மூடப்பட்டு, 2003இல் திறந்து, 2006இல் மறுபடி மூடி, 2010இல்தான் நிரந்தரமாகத் திறந்தது. களப்பின் வடபகுதித் தீவுகளுக்கு நினைத்தபோது போய்வர முடியாத ஆண்டுகள் அவை. அந்தக் காலப் பதிவேடுகளில் இந்தக் கரைக்கு எதிரே வெற்றிடம் கிடந்தால், பறவை வரவில்லை என்று வாசிப்பது தவறு. அதேபோல 2010க்குப் பிறகு ‘புதிய’ பறவைகள் வரிசையாகப் பதிவானதைக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் உடனே எழுதிவிடுவதும் அவசரம்.

அபூர்வம் என்ற எண்ணத்தையே தலைகீழாக்கிய பறவை ஒன்று உப்பளங்களில் ஓடித் திரிகிறது. ஊர்க்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, மணல் நிற முதுகு, வெள்ளை வயிறு. ஓடும், சட்டென்று நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். உப்புக்கொத்தி. உப்பளத் தொழிலாளி இதை நாள்தோறும் பார்க்கிறார். பறவை பார்ப்பவர்களோ இதைத் தாண்டி வேறெதையாவது தேடிப் போய்விடுவார்கள். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவரை பரந்திருக்கும் கென்டிஷ் உப்புக்கொத்தியின் தென்னாசிய வகை என்றே நூற்றாண்டுக்கும் மேலாக இதைக் கருதி வந்தார்கள். செனவிரத்னவின் மாணவர்களும் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகம், சீனாவின் சன் யாட் சென் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மரபணுவை ஒப்பிட்டபோது கணக்கு மாறியது. இரண்டும் பிரிந்து ஏறத்தாழ 12 இலட்சம் ஆண்டுகள் ஆகியிருந்தன. இங்குள்ளதன் சிறகும் வாலும் அலகும் குட்டை. 2023இல் ‘ஐபிஸ்’ சஞ்சிகையில் முடிவு வெளியானது. இராமர் அணைக்குப் பக்கத்தில் வாழ்வதால் புதிய இனத்துக்கு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயரிட்டார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டும் நிரந்தரமாகக் குடியிருக்கும் பறவை, எல்லார் கண்ணுக்கும் முன்னால் வேறொருவர் பெயரில் வாழ்ந்திருக்கிறது.

இதன் கூடு என்பது தரையில் ஒரு சிறு குழி. நாய், காகம், மாடு, உழவு இயந்திரத்தின் சில்லு, எல்லாமே அதற்கு ஆபத்து.

கரையும் முன்போல் இல்லை. 1980களில் தொடங்கிய இறால் பண்ணை அலை, சிலாபம் முதல் புத்தளம்வரை கண்டல் காட்டை வெட்டித் தொட்டிகளாக்கியது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பல பண்ணைகளைக் கவிழ்த்தது. 1,397 ஹெக்டேயர் பரப்புள்ள ஆனைவிழுந்தான் 2001இல் றாம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கைவிட்ட இறால் தொட்டிகளைத் திரும்பக் கண்டல் ஆக்கும் வேலை அங்கே நடக்கிறது. அங்குள்ள சங்கிலித் தொடர் குளங்களில் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் குளிர்காலத்தில் இறங்கும். வடக்கே நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம், மாம்புரியில் காற்றாலைகள், கற்பிட்டிக் களப்பில் பட்டம் பிடித்துச் சறுக்கும் உல்லாசப் பயணிகள். எட்டாயிரம் கிலோமீற்றர் பறந்து வந்து இளைப்பாறும் உள்ளானுக்கு வானத்தில் அசையும் வண்ணத் துணி பருந்தாகத்தான் படும். மன்னாரிலும் பூநகரியிலும் அதானி நிறுவனம் அமைக்கவிருந்த காற்றாலைத் திட்டத்துக்கு எதிராகச் சுற்றாடல் அமைப்புகள் 2024இல் நீதிமன்றம் போனபோது, வலசைப் பாதை அவர்களின் முக்கிய வாதங்களில் ஒன்று. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகியதற்குப் பறவையைவிட மின்சார விலை பற்றிய இழுபறியே பெரிய காரணம். இருந்தாலும் எத்தனை பறவை, எந்த மாதம், எந்தத் திட்டு என்று சொல்வதற்கு ஏடுகள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி சம்பளமில்லாதவர்கள் எழுதியவை.

அந்த ஏடுகளில் ஆண்டுதோறும் ஒரு பக்கம் தையில் நிரம்புகிறது. ஆசிய நாடுகள் பலவும் சேர்ந்து ஜனவரியில் நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை இலங்கையில் சிலோன் பறவைக் கழகம் நடத்துகிறது. அபூர்வ வேட்டைக்காரருக்கு அது அலுப்பான வேலை. கொசு உள்ளானைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணவேண்டும். ஒரு பருந்து மேலே வந்தால் எல்லாம் எழும்பிவிடும், திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும்.

2023க்குப் பிறகு அந்தப் படிவத்தில் உப்புக்கொத்தி வரிசை சிக்கலாகிவிட்டது. உண்மையான கென்டிஷ் உப்புக்கொத்தி குளிர்காலத்தில் வலசையாக வந்து அனுமனோடு ஒரே சேற்றில் மேய்கிறது. மங்கோலிய உப்புக்கொத்தி என்று எண்ணி வந்ததையும் அறிஞர்கள் திபெத்திய இனம், சைபீரிய இனம் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். பழைய படங்களை வைத்திருப்பவர்கள் கணினியைத் திறந்து மறுபடி பார்க்கவேண்டியிருக்கிறது. வைகாசி, ஆனியில் முட்டைக்குழியின் அருகே எடுத்த படமென்றால் அது அனுமன்தான். தையில் பாலாவி உப்பளத்தில் எடுத்ததென்றால், சிறகின் நீளமும் அலகும் தெளிவாகத் தெரிகிற படமாக இருக்கவேண்டும். இல்லையேல் இரண்டில் ஒன்று என்று எழுதிவைக்கத்தான் முடியும்.