நட்ஸ் அண்ட் போல்ட்ஸ்

ஆங்கில நாளேடுகளிலும் அலுவலகக் கூட்டங்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் சொற்றொடர் 'நட்ஸ் அண்ட் போல்ட்ஸ்'. ஒரு செயல் உண்மையில் நடந்தேறத் தேவையான சின்னச் சின்ன நடைமுறை விவரங்கள் என்பதே இதன் பொருள்.

பங்குத் திருவிழாவைச் சிறப்பாகக் கொண்டாடுவோம் எனப் பங்குப் பேரவையில் முடிவெடுக்கிறோம். அது திட்டம். ஜெனரேட்டருக்கு யார் சொல்வது, பந்தல்காரருக்கு எவ்வளவு முன்பணம், அன்னதானத்திற்கு எத்தனை கிலோ அரிசி? இவைதான் நட்ஸ் அண்ட் போல்ட்ஸ்.

இதைத் தமிழில் 'அடிப்படை' என்று சொல்லிவிடுகிறோம். அது முழுவதும் பொருந்தவில்லை. அடிப்படை என்றால் கொள்கையும் ஆகலாம்; இங்கே கொள்கைக்கு இடமில்லை. 'நெளிவு சுளிவு' சற்று நெருங்கி வருகிறது. ஆனால் அதில் சாமர்த்தியத்தின் வாடையும் சேர்ந்துவிடுகிறது. பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இது எப்போதும் பன்மையில்தான் வரும், நட்டுதான் முதலில் வரும். பட்டறையில் போல்ட்டை நுழைத்த பிறகே நட்டை முடுக்குகிறோம். ஆங்கிலத்தின் காதுக்கு அது பொருட்டல்ல போலும்!

நட்டும் போல்ட்டும் அற்பப் பொருள்களாகத் தோன்றலாம். ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. ஓரிடத்து நட்டு வேறிடத்துப் போல்ட்டில் ஏறாது. 1841இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியாளர், மரையின் கோணம் 55 பாகை என வைத்து, எல்லாருக்கும் பொதுவான அளவுமுறையை முன்வைத்தார்.

இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் அனுபவித்தது. 1904 பிப்ரவரி 7 அன்று அங்கே பெருந்தீ மூண்டது. வாஷிங்டனிலிருந்து இரயிலில் தீயணைப்பு வண்டிகள் வந்து இறங்கின. வேறு நகரங்களிலிருந்தும் உதவி வந்தது. ஆட்கள் இருந்தார்கள், வண்டிகள் இருந்தன, தெருவில் தண்ணீர்க் குழாயும் இருந்தது. ஆனால் வெளியூரார் கொண்டுவந்த ஹோஸ் பைப்புகளில் பல அந்தக் குழாய்களில் பொருந்தவில்லை. ஊருக்கு ஊர் இணைப்பின் அளவும் மரையும் வேறு! வீரர்கள் வண்டிகளோடு கைபிசைந்து நிற்க நேர்ந்தது. ஏறத்தாழ 30 மணி நேரம் எரிந்த தீயில் 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

குழாய் இணைப்புகளுக்கு நாடு முழுவதற்குமான பொது அளவு அடுத்த ஆண்டு, 1905இல், வகுக்கப்பட்டது.