கோட்டோரம் – 9: கிளாஸ்கோவில் இரண்டு ஆட்டம்

போன வாரம் பில்லி மெரெடித்தை அவருடைய கடைசி ஆட்டத்தில் விட்டிருந்தோம். வயது 49, வாயில் வழக்கமான பல்குச்சி. வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் 12 வயதில் வேலைக்குப் போனவர், விங்கராக முப்பது ஆண்டு கால்பந்திலேயே பிழைத்தார். 1904இல் மான்செஸ்டர் சிட்டிக்கு எஃப்.ஏ. கோப்பையை வாங்கித் தந்த ஒரே கோல் அவர் அடித்தது. அதே 1904இல் கல்கத்தாவின் மெட்டியாபுருஸில் பிறந்தவர் முகமது சலீம். இவரும் விங்கர். ஐரோப்பாவில் இவர் ஆடியது இரண்டே ஆட்டம்தான். அதையும் பூட்ஸ் போடாமல் ஆடினார்.

சிவகாசிக்காரர்களுக்குக் கல்கத்தா அந்நிய ஊரல்ல. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ளப் போனது அந்த ஊருக்குத்தான். மறு ஆண்டே திரும்பிவந்து இங்கே தொழிலைத் தொடங்கினார்கள். பட்டாசு அதன் வழியாக வந்தது. அவர்கள் கல்கத்தா போன ஆண்டில் சலீமுக்குப் பதினெட்டு வயது. மருந்து கலக்கும் படிப்பு ஒரு பக்கம், மைதானம் ஒரு பக்கம் என்று அலைந்துகொண்டிருந்தார்.

அன்றைய கல்கத்தா மைதானத்தில் வெள்ளைக்காரப் பட்டாளங்கள் பூட்ஸோடு ஆடும், நம்மவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு. 1911இல் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டைத் தோற்கடித்து, நாக்-அவுட் போட்டியான ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்ற மோகன் பகான் அணியில் பதினொருவரில் பத்துப் பேருக்குப் பூட்ஸ் கிடையாது. ஆனால் ஒரு ஷீல்டைத் தட்டிப் பறிப்பது வேறு, மழைக்காலம் முழுக்க நடக்கும் லீக்கை ஜெயிப்பது வேறு. 1898இல் தொடங்கிய கல்கத்தா லீக் 1934 வரை எந்த இந்திய அணிக்கும் வசப்படவில்லை. வசப்படுத்தியது முகமடன் ஸ்போர்ட்டிங். அந்த ஆண்டு தொடங்கி 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை! ஸ்போர்ட்டிங் யூனியன், ஈஸ்ட் பெங்கால், ஆர்யன் என்று சுற்றிவிட்டு வந்துசேர்ந்த சலீம் அந்த அணியின் விங்கர்.

வெறுங்கால் என்றதும் ஏழ்மையை மட்டும் நினைத்துப் பரிதாபப்பட வேண்டாம். அன்றைய பூட்ஸைப் பார்த்தால் புரியும். கணுக்கால் வரை தடித்த தோல், முன்னால் கெட்டியான மூக்கு, அடியில் ஆணி அடித்த தோல் குமிழ்கள். ஓங்கி உதைப்பதற்கென்றே செய்தது. பந்து விரலில் படுகிறதா, பாதத்தில் படுகிறதா என்று அதற்குள் இருக்கும் காலுக்குத் தெரியாது. வெறுங்காலுக்குத் தெரியும். பெருவிரலில் ஏந்தி, சுண்டுவிரல் வரை உருட்டி, எதிராளி கால் நீட்டும் நொடியில் திசை மாற்றிவிடலாம். கோட்டோரம் ஆடுகிறவனுக்கு இந்த அரை அடி ஏமாற்றுதான் பிழைப்பே. கஷ்டம் மழையில்தான். தோல் பந்து தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், சேற்றில் கால் வழுக்கும். பூட்ஸ்காரர்கள் அப்போதுதான் ஏறி மிதிப்பார்கள்.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் சீன அணி கல்கத்தாவில் இரண்டு ஆட்டம் ஆடியது. முதல் ஆட்டத்தில் சலீம் ஜொலித்தார். இரண்டாவதற்கு ஆளைக் காணோம். ஸ்காட்லாந்தில் கடை வைத்திருந்த ஹஷீம் என்ற உறவினர் அவரைக் கப்பலேற்றிவிட்டிருந்தார்.

போய் நின்ற இடம் கிளாஸ்கோவின் செல்டிக். அப்போதுதான் ஸ்காட்டிஷ் லீக்கை வென்றிருந்த அணி. வெறுங்காலோடு ஆடுவார் என்று கேட்டதும் மேனேஜர் வில்லி மேலி சிரித்தாராம். ஆடிக் காட்டிய பிறகு எடுத்துக்கொண்டார்கள். பழைய ஆட்டக்காரர் ஜிம்மி மெக்மெனமி குனிந்து சலீமின் பாதங்களுக்குக் கட்டுப் போடும் படம் இன்றும் கிடைக்கிறது. ஆகஸ்ட் 28ஆம் தேதி கால்ஸ்டனோடு நடந்த ஆட்டம் 7–1. பெனால்டி அடிக்கச் சொன்னபோது கூச்சப்பட்டு மறுத்துவிட்டார். ஹாமில்டன் அணியோடு 5–1. இந்த முறை பெனால்டியை அடித்தார், கோல்.

ஸ்காட்டிஷ் டெய்லி எக்ஸ்பிரஸ் அவரை இந்திய வித்தைக்காரர் என்று கொண்டாடியது. எனக்கு இந்தப் பாராட்டு உறுத்துகிறது. 1810களிலிருந்து லண்டன் மேடைகளில் வாள் விழுங்கியும் பந்து சுழற்றியும் பேர் வாங்கிய ராமோ சாமி, நம் தென்னாட்டு ராமசாமி, அவருக்கும் இதே பட்டம்தான். நூறு வருஷம் கழித்து வந்த ஒரு விங்கரையும் அதே கூடாரத்தில் உட்காரவைத்துவிட்டார்கள்.

சலீமைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் சொல்லத் தவறுவது, அந்த இரண்டு ஆட்டமும் அலையன்ஸ் லீக்கில், அதாவது ரிசர்வ் அணிக்காக ஆடியவை என்பது. முதல் அணியின் வலது ஓரத்தில் ஜிம்மி டெலானி, இடது ஓரத்தில் ஃபிராங்க் மர்ஃபி. நடுவில் முந்தைய சீசனில் மட்டும் லீக்கில் 50 கோல் போட்ட ஜிம்மி மெக்ரோரி. முப்பதைத் தாண்டிய சலீம் இவர்களை நகர்த்தி இடம் பிடித்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

இன்னொரு கதை. ஊர் ஏக்கம் பிடித்துக் கிளம்பியவரைத் தடுக்க, ஒரு தர்ம ஆட்டத்தின் வசூலில் 5 சதவீதம் தருவதாகச் சொன்னார்களாம். அவர் அதை அநாதைக் குழந்தைகளுக்கே கொடுத்துவிட்டார், தொகை 1,800 பவுண்டு என்கிறார்கள். மிளகாய் வத்தலுக்கும் உளுந்துக்கும் விலை நிர்ணயிக்கிற விருதுநகர் மார்க்கெட்டில் இதைச் சொன்னால் உடனே கணக்குப் போடுவார்கள். 5 சதவீதம் 1,800 என்றால் மொத்த வசூல் 36,000 பவுண்டு. தலைக்கு ஒரு ஷில்லிங் என்றாலும் 7,20,000 பேர் வந்திருக்க வேண்டும். 1937இல் ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டத்துக்கு வந்த வரலாறு காணாத கூட்டமே ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கொடுத்திருப்பார், நம்புகிறேன். தொகையை நம்பவில்லை.

அவர் திரும்பியதை நழுவவிட்ட வாய்ப்பு என்று உச்சுக்கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அய்ய நாடார் கல்கத்தாவிலேயே தங்கவில்லையே என்று சிவகாசியில் யாராவது வருந்துகிறார்களா? கிளாஸ்கோவில் சலீம் ஒரு வேடிக்கை. கல்கத்தாவில் அவர் பந்தைத் தொட்டால் லீக் பட்டியல் மாறும். 1937 லீக்குக்கு ஊரில் இருந்தார். அந்த ஆண்டும் மறு ஆண்டும் முகமடனுக்கே பட்டம். 1980இல் காலமானார்.

ஐரோப்பியக் கிளப் ஒன்றோடு தொழில்முறை ஒப்பந்தம் போட ஓர் இந்தியருக்கு 1999 வரை ஆனது. இங்கிலாந்தின் பரி கிளப்புக்குப் போன பாய்ச்சுங் பூட்டியாவின் கதை அடுத்த வாரம்.