விளிம்பில் ஓர் அரங்கு



சில வருடங்களுக்கு முன்னர் என் மாணவர்கள் எழுதிய நகைச்சுவை நாடகமொன்று ஒரு விழாவுக்கான தெரிவுக் குழுவினால் நிராகரிக்கப்பட்டது. குழுவினர் பிரதியை மாத்திரமே வாசித்திருந்தனர். எழுதிய மாணவன் என்னிடம் வந்து, “சேர், ஆக்கள் பார்க்க முந்தியே எங்கட நாடகம் சரியில்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?” என்று கேட்டான்.

நமது மரபிலே அரங்கேற்றம் என்பது அறிஞர் அவையின் அங்கீகாரம். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியதாக அதன் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. அந்த மரபில் வளர்ந்த எனக்கு மாணவனின் கேள்வி வியப்பாயிருந்தது. ஆனால் இதே கேள்வியின் மீது ஒரு பெருவிழாவே எழுந்து நிற்கிறது. ஸ்கொட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் ஓகஸ்ட் மாதத்தில் நடைபெறும் ‘பிரிஞ்ச்’ விழாவே அது. பிரிஞ்ச் என்றால் விளிம்பு.

1947ஆம் ஆண்டு எடின்பரோ சர்வதேச விழா ஆரம்பமாயிற்று. அழைப்புப் பெற்ற கலைஞர்களுக்கே அங்கு மேடை. ஆனால் எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பின்றியே வந்து, கிடைத்த மண்டபங்களில் நடித்தன. மறுவருடம் றொபேர்ட் கெம்ப் என்ற நாடகாசிரியர், விழாவின் ‘விளிம்பில்’ நடப்பவை என அவற்றைக் குறிப்பிட, அதுவே பெயராய் நிலைத்தது. 1958இல் விளிம்பு விழாச் சங்கம் அமைந்தபோது, நிகழ்ச்சிகளைத் தெரிவு செய்வதில்லை என்பதையே கொள்கையாக்கிக் கொண்டது. இடம் தேடிக்கொண்டு பதிவுக் கட்டணம் செலுத்தும் எவரும் ஆடலாம், பாடலாம், சிரிக்க வைக்கலாம். தேவாலய மண்டபம், மதுச்சாலையின் நிலவறை, விரிவுரை மண்டபம் எல்லாமே அரங்குகளாகும்.

இதனால் விளைந்த பயன் என்ன? 1966இல் ஒக்ஸ்போர்ட் மாணவர்கள் அங்கு மேடையேற்றிய நாடகம் ஒன்றை ‘ஒப்சேர்வர்’ பத்திரிகை பாராட்டியது. ‘ஹம்லெட்’டின் இரு சிறு பாத்திரங்களை நாயகர்களாக்கி டொம் ஸ்டொப்பார்ட் எழுதிய நாடகம் அது. மறுவருடமே இங்கிலாந்தின் தேசிய நாடகக் குழு அதனை லண்டனில் அரங்கேற்றியது. 2013இல் ஃபீபி வோலர்-பிரிட்ஜ் தனியொருவராக நடித்த ‘ஃபிளீபாக்’ பின்னர் தொலைக்காட்சித் தொடராயிற்று. 2017இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் கொண்டுவந்த ‘சிக்ஸ்’ என்னும் இசைநாடகம், எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரையும் பாட வைத்து, நியூயோர்க்கின் பிரோட்வே வரை சென்றது. நகைச்சுவையோ 2008இல் நாடகத்தையும் விஞ்சி, நிகழ்ச்சி நிரலில் மிகப் பெரிய பிரிவாகியது.

எனினும், இதற்கு மறுபக்கமும் உண்டு. 2019இல் 3,841 நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. இத்தனை கூட்டம் சேர்ந்தால் வீட்டு வாடகை ஏறாதா? மண்டபக் கூலி, விளம்பரம், தங்குமிடம் என்று செலவு பெருகிக் கடனுடன் ஊர் திரும்பும் கலைஞர் பலர். தெரிவுக் குழு இல்லாத வாசலிலே வாடகை வந்து காவல் நிற்கிறது! இதற்கு மாற்றாக 1996இல் பீற்றர் பக்லி ஹில் என்ற நகைச்சுவையாளர் ‘இலவச விளிம்பு’ என்னும் முறையைத் தொடக்கினார். கலைஞர் மண்டபக் கூலி கொடுப்பதில்லை; பார்ப்பவரும் சீட்டு வாங்குவதில்லை. முடிவிலே தொப்பியோ வாளியோ சுற்றிவரும். மனமிருந்தால் போடலாம்.

ஆகவே, கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது; வறியவனும் உள்ளே வரக்கூடியதாய் அரங்கு இருக்க வேண்டும்.

என் மாணவர்களுக்கு அத்தகைய ஓர் அரங்கு கிடைத்தது. விடுதியின் சாப்பாட்டு மண்டபத்தில் மேசைகளை ஒதுக்கிவிட்டு அந்த நாடகத்தை ஆடினார்கள். கூலி இல்லை, சீட்டு இல்லை. முதற் காட்சியில் சபை குலுங்கிச் சிரித்தது. இரண்டாம் காட்சியில் சிரிக்க வேண்டிய இடத்திலே ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாட் காலை, அந்த மாணவன் இரண்டாம் காட்சியைப் புதிதாக எழுதிக்கொண்டு வந்து நின்றான்.